பேராசிரியர் சந்திரசேகர்

வானியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டில் இலாகூரில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் கற்று, 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். விண்மீன்களின் இறுதிநிலைபற்றி அவர் கண்ட முடிவை 1935இல் பேரறிஞர் எடிங்டன் இலண்டன் வானியற் சங்கக் கூட்டத்தில் எள்ளி நகையாடினார். இளைஞர் உள்ளம் நொந்தாரெனினும் ஓய்ந்தாரல்லர். 1937இல் அமெரிக்கா சென்று பிறிதொரு துறையிற் புகுந்தார்.

விண்மீன் திரளினூடே செல்லும் பாரமான பொருள் சூழ்ந்தவற்றை ஈர்க்க, அவை அதன் பின்னே செறிந்து அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதை 1943இல் அவர் கணித்து நிறுவினார்.

விண்மீன் மண்டலங்களின் வெளிப்புறமோ, கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்புக்கு அடங்காத வேகத்திற் சுழல்கின்றது. காணவியலாத கரும்பொருள் சூழ்ந்துளது என்பர் பலர். ஈர்ப்பு விதியையே திருத்தவேண்டுமென 1983இல் மில்குரோம் என்பார் உரைத்தார். சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயே. கரும்பொருள் உண்டாயின், அதனூடு செல்லும் சிறு மண்டலங்கள் வேகங்குன்றி உள்வீழ்தல் வேண்டும். ஆதலின் இருசாராரும் இன்று சந்திரசேகரின் கணக்கையே துலாக்கோலாகக் கொள்கின்றனர். வழக்கு இன்னும் தீர்ந்திலது.

1995இல் அவர் மறைந்தார். சபை நகைத்த முடிவு நிலைபெற்றது. நற்பிட்டிமுனை வயல்வெளியில் நின்று பால்வீதியை நோக்கும் மாணவர்காள்! பெரியோர் கூற்றாயினும் கணக்கிட்டுத் தெளிக. இன்று நாம் செய்யும் நற்பணி, நாம் எண்ணாத வினாவுக்கும் ஒருநாள் உதவும்.