ஒசாமு தெசூக்கா

ஒசாமு தெசூக்கா (நவம்பர் 3, 1928 – பெப்ரவரி 9, 1989) ஜப்பானிய வரைகதை ஓவியரும் இயங்குபட இயக்குநரும் ஆவார். மருத்துவம் பயின்று மருத்துவராகத் தகுதி பெற்றவர். ஜப்பானில் மங்கா என்று அழைக்கப்படும் வரைகதைகளின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டவராகக் கருதப்படுகிறார். சுமார் 700 ஆக்கங்களில் ஏறத்தாழ 1,50,000 பக்கங்களை வரைந்துள்ளார். படித்தபின் தூக்கி எறியப்படும் மலிவான பொழுதுபோக்காக இருந்த மங்கா, அருங்காட்சியகத்தில் வைத்துப் பேணத்தக்க கலையாக ஏற்கப்பட்டதில் இவரது பங்கு பெரிது. இவர் வளர்ந்த தக்காரசூக்கா நகரில் இவருக்கான நினைவு அருங்காட்சியகம் 1994 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

இளமைக் காலம்

தெசூக்கா ஒசாகா மாகாணத்திலுள்ள தொயொனாக்காவில் பிறந்தார். 1933 இல் இவரது குடும்பம் அண்டை மாகாணமான ஹியோகோவிலுள்ள தக்காரசூக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் இவர் அங்கேயே வாழ்ந்தார். ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்று நடிக்கும் இசைநாடகக் குழுவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தாயார் இவரை அந்நாடகங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தந்தையார் வீட்டில் இருந்த சிறிய படக்கருவியில் சாப்ளின், டிஸ்னி படங்களைத் திரையிட்டுக் காட்டினார்.

சிறுவயதில் பூச்சிகளைச் சேகரிப்பதிலும் அவற்றை நுணுக்கமாக வரைவதிலும் ஆர்வம் கொண்டிருந்தார். ஒசாமுஷி என்னும் வண்டின் பெயரை ஒட்டி, பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தமது பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, ஏனைய மாணவர்களைப் போலவே இவரும் தொழிற்சாலைப் பணிக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜூன் மாதம் ஒசாகாவில் நடந்த குண்டுவீச்சில் உயிர் தப்பினார். போரின் கொடுமையும் உயிரின் மதிப்பும் இவரது ஆக்கங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கு இவ்வனுபவம் முக்கிய காரணமாகும்.

மருத்துவமும் மங்காவும்

1945 இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மாணவராக இருக்கும்போதே, 1946 ஜனவரியில் இவரது முதல் தொடரான "மாச்சானின் நாட்குறிப்பு" சிறுவர் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. 1952 இல் மருத்துவருக்கான தேசியத் தேர்வில் தேறினார். எனினும் வரைகதையையே தொழிலாகக் கொண்டார். 1961 இல் மருத்துவத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1947 இல் சாக்காய் ஷிச்சிமாவுடன் இணைந்து உருவாக்கிய "புதிய புதையல் தீவு" பெரும் வெற்றி பெற்றது. அக்கால வரைகதைகள் பெரும்பாலும் நாடக மேடையை எதிரிலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டன. தெசூக்கா திரைப்படக் கருவியைப் போலப் பார்வைக் கோணத்தையும் தொலைவையும் மாற்றினார். ஒரே செயலைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். இதனால் நீண்ட கதைகளைச் சொல்வது எளிதாயிற்று.

"காட்டுப் பேரரசன்" (1950), "இரும்புக்கை அணு" எனப் பொருள்படும் "தெத்சுவான் ஆட்டம்" (1952) ஆகிய தொடர்கள் இவரைப் புகழ்பெறச் செய்தன. 1953 இல் தொடங்கிய "ரிப்பன் வீரர்", ஆண் வேடமிட்ட இளவரசியின் கதையாகும். இதில் இளமையில் கண்ட இசைநாடகங்களின் தாக்கத்தைக் காணலாம்.

எதிர்ப்பு

1950களின் நடுப்பகுதியில், மங்கா சிறுவர்களின் மனதைக் கெடுக்கிறது என்று கூறிப் பெற்றோர் அமைப்புகளும் கல்வியாளர்களும் இயக்கம் நடத்தினர். தெசூக்காவின் ஆக்கங்களும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆயினும் இவர் தொடர்ந்து சிறுவர்களுக்காக வரைந்தார். இனவெறுப்பு, போர், மரணம் போன்ற கடினமான பொருள்களையும் அவற்றில் கையாண்டார்.

இயங்குபடத் துறை

1960களின் தொடக்கத்தில் முஷி புரொடக்சன் என்ற இயங்குபட நிறுவனத்தை நிறுவினார். 1963 ஜனவரி 1 முதல் "தெத்சுவான் ஆட்டம்" தொலைக்காட்சியில் வாராந்தர அரைமணி நேரத் தொடராக ஒளிபரப்பாயிற்று. செலவைக் குறைக்க, படங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. வரைந்த படங்களே மீண்டும் பயன்படுத்தப்பட்டன. இம்முறையைப் பின்னர் பிறரும் பின்பற்றினர். தொடரைக் குறைந்த விலைக்கு விற்றது இத்துறைக் கலைஞர்களின் ஊதியத்தைத் தாழ்த்தியது என்ற விமர்சனமும் உண்டு.

1971 இல் தெசூக்கா நிறுவனத் தலைமையிலிருந்து விலகினார். 1973 இல் நிறுவனம் நொடித்தது. அதே ஆண்டு தொடங்கிய "பிளாக் ஜாக்" இவருக்கு மீண்டும் வாசகர்களைப் பெற்றுத் தந்தது. உரிமம் இல்லாத அறுவை மருத்துவர் ஒருவரைப் பற்றிய இத்தொடரில் தமது மருத்துவ அறிவைப் பயன்படுத்தினார். கௌதம புத்தரின் வாழ்வைத் தழுவிய "புத்தா" 1972 முதல் 1983 வரை வெளிவந்தது.

மறைவு

இரைப்பைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட தெசூக்கா, மருத்துவமனைப் படுக்கையிலும் தொடர்ந்து வரைந்தார். 1989 பெப்ரவரி 9 அன்று தமது 60 ஆவது வயதில் டோக்கியோவில் காலமானார். 1954 இல் தொடங்கிய "தீப்பறவை" உட்படச் சில ஆக்கங்கள் முற்றுப்பெறவில்லை.

அருங்காட்சியகம்

1990 இல் டோக்கியோவிலுள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் தெசூக்காவின் ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்தது. 1994 ஏப்ரல் 25 அன்று தக்காரசூக்கா நகராட்சி இவருக்கான நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்தது. இது இசைநாடக அரங்குக்கு அருகில் அமைந்துள்ளது. இங்கு இவரது வாழ்க்கை தொடர்பான பொருள்களும் ஆக்கங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் இவரது நூல்களை எடுத்துப் படிக்கலாம். அடித்தளத்திலுள்ள கூடத்தில் இயங்குபடம் உருவாக்கிப் பார்க்கவும் வசதி உண்டு.

இத்தகைய காப்பகங்களின் தேவைக்குத் தெசூக்காவின் பணிமுறையே நல்ல எடுத்துக்காட்டாகும். இதழ்களில் வந்த கதைகளை நூலாக்கும்போது இவர் பெரிதும் திருத்தினார். மூலத் தாள்களையே வெட்டி ஒட்டுவதும் உண்டு. எனவே சில கதைகளின் முதல் வடிவத்தை அறியப் பழைய இதழ்களே சான்றாக உள்ளன. அவ்விதழ்களோ மலிவான தாளில் அச்சிடப்பட்டுப் பெரும்பாலும் குப்பையில் எறியப்பட்டவை.

தனியொரு கலைஞரின் வாழ்வைத் தக்காரசூக்கா அருங்காட்சியகம் காட்டுகிறது. மங்காவை முழுமையாகச் சேகரித்து ஆராயும் பணியைக் கியோத்தோ பன்னாட்டு மங்கா அருங்காட்சியகம் செய்கிறது. பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடமொன்றில் 2006 இல் திறக்கப்பட்ட இது, சுமார் 3,00,000 பொருள்களைக் கொண்டுள்ளது. சிறுவர்களுக்குத் தீங்கானது என ஒருகாலத்தில் எதிர்க்கப்பட்ட மங்கா, பள்ளியாக இருந்த கட்டடத்திலேயே இன்று பேணப்படுகிறது.