டானியல் பூவர்

டானியல் பூவர் (ஜூன் 27, 1789 – பிப்ரவரி 3, 1855) யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் கல்விப்பணி ஆற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஆவார். தெல்லிப்பழையில் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கியவரும், வட்டுக்கோட்டை செமினறியின் முதல் அதிபராக இருந்தவரும் இவரே. 1836 முதல் 1841 வரை மதுரையில் தங்கி, நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் 37 பள்ளிகளை ஏற்படுத்தினார். தமிழ் மாணவருக்கு ஆங்கிலத்தை எப்போது, எவ்வளவு, யாரைக் கொண்டு கற்பிப்பது என்ற கேள்வியைத் தமிழர் வாழும் இரு நாடுகளிலும் நேரடியாக எதிர்கொண்ட முதல் தலைமுறைக் கல்வியாளர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இளமைக்காலம்

ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் 1811 இல் பட்டம் பெற்று, ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் 1814 இல் படிப்பை முடித்தார். மறு ஆண்டு குருவாக அபிடேகம் செய்யப்பட்டார். சூசன் புல்பிஞ்ச் என்பவரை மணந்து, 1815 அக்டோபரில் டிரையட் என்னும் பாய்க்கப்பலில் மனைவியுடன் புறப்பட்டார். ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோரும் அதே கப்பலில் வந்தனர். ஐந்து மாதக் கடற்பயணத்திற்குப் பின் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர்.

அக்காலத்தில் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சர் ராபர்ட் பிரவுன்றிக் இவர்களை யாழ்ப்பாணத்தில் பணியாற்ற அனுமதித்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் எழுப்பப்பட்டுப் பின்னர் பாழடைந்து கிடந்த தேவாலயக் கட்டடங்கள் இவர்களுக்குக் கிடைத்தன. பூவரும் வாரனும் தெல்லிப்பழையிலும், மெய்க்சும் ரிச்சர்ட்சும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர்.

தெல்லிப்பழைப் பள்ளி

1816 டிசம்பரில் தெல்லிப்பழையில் பூவர் ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை இப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. பின்னர் உண்டுறைப் பள்ளியும் ஏற்பட்டது. மாணவரின் செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் ஏற்றனர். அதற்குக் கைம்மாறாக அவர்கள் விரும்பிய பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை போன்ற கலப்புப் பெயர்கள் காணப்படுவது இதனால்தான். ஒரு சிறுவனின் பெயரை மாற்றிவிட்டு அவனுக்கு மொழி கற்பிக்கும் இவ்வழக்கம் இன்று பலருக்கும் உறுத்தலாகவே இருக்கும்.

பெற்றோரின் தயக்கமும் பெரிதாக இருந்தது. கிறித்தவர் வளவில் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சைவக் குடும்பங்கள் கருதின. ஆகவே, அருகே சைவருக்குரிய நிலத்தில் சமையல் செய்து மாணவருக்கு உணவு அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆங்கிலம் கற்றால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அவர்களைப் பள்ளிக்கு ஈர்த்தது. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட பாதிரியாரும், உத்தியோகத்தை நோக்கமாகக் கொண்ட பெற்றோரும் ஒரே வகுப்பறையில் சந்தித்தனர் எனலாம். இந்த முரண் பூவரின் வாழ்நாள் முழுதும் தீரவில்லை.

சூசன் 1821 மே மாதத்தில் தெல்லிப்பழையில் காலமானார். இவர்களின் மகன் டானியல் வாரன் பூவர் பின்னாளில் அமெரிக்காவில் பாதிரியாராக விளங்கினார். 1823 சனவரியில் பூவர் ஆங்கிலேயப் பெண்மணியான ஆன் நைட் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

வட்டுக்கோட்டை செமினறி

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தமிழ் இளைஞர்களுக்கான கல்லூரி ஒன்றின் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கிலத்தில் ஆழ்ந்த அறிவு, தமிழ் இலக்கியப் பயிற்சி, தேர்ந்த சிலருக்குச் சமசுகிருதம், மேலைநாட்டு அறிவியல்கள் ஆகியன அதில் இடம்பெற்றன. கல்லூரி என்ற தகுதிக்கு அரசின் அனுமதி கிடைக்காததால், அதே ஆண்டு செமினறி என்ற பெயரில் வட்டுக்கோட்டையில் வகுப்புகள் தொடங்கின. பூவர் அதிபரானார், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார்.

கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியவற்றைக் கற்பிக்க அன்று தமிழில் அச்சு நூல்கள் இல்லை. எனவே ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டுமன்றிப் பிற பாடங்களைத் திறக்கும் சாவியாகவும் ஆயிற்று. ஆனால் ஆங்கிலத்திற்கு முன்னே தமிழ் என்பதே நடைமுறையாக இருந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ் எழுதப் படிக்கக் கற்ற சிறுவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆயத்தப் பள்ளிக்கும், அங்கிருந்து செமினறிக்கும் சென்றனர். செமினறியிலும் தமிழ்ப் புலவர்களிடம் இலக்கணமும் இலக்கியமும் தொடர்ந்து கற்றனர்.

இங்கு ஆசிரியர் பற்றாக்குறை பெரும் சிக்கலாக இருந்தது. ஆளுநர் சர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் புதிய அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வருவதற்குத் தடை இருந்தது. 1820 இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் கேரட் திருப்பி அனுப்பப்பட்டார். ஆட்களும் அச்சகமும் இல்லாத நிலையில், முன்னேறிய மாணவரையே கீழ்வகுப்பு மாணவருக்கு ஆசிரியராக்கும் முறை கைகொடுத்தது. இது தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையே ஆகும். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதே வழக்கத்தைக் கண்டு ஒரு முறையாக வகுத்து, அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் சென்றது.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இம்முறைக்கு ஒரு தனிப்பயன் உண்டு. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் இடையில் வருகிறது. வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை அங்கே முன்னிடைச் சொற்கள் செய்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு இவை இடர்ப்பாடாகத் தோன்றுவதில்லை. தானே அங்குத் தடுக்கி எழுந்த தமிழ் ஆசிரியருக்கோ, மாணவன் எங்கே தடுக்குவான் என்பது முன்னரே தெரியும். செமினறி உருவாக்கிய உள்ளூர் ஆசிரியர்களின் வெற்றிக்கு இதுவும் காரணமாதல் வேண்டும்.

1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் செமினறியின் புகழைப் பரப்பியது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணித்தவர் விசுவநாத சாத்திரியார். அவருடைய கணிப்புக்கும் மேலைநாட்டுக் கணிப்புக்கும் கிரகணத்தின் நேரத்தில் வேறுபாடு இருப்பதைப் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் பூவர் கூறியபடி அமைந்ததால் ஊரில் அது பெரும் பேச்சாயிற்று. பஞ்சாங்கக் கணிப்பும் நெடுங்கால மரபுடைய அறிவே என்பதையும், சில நிமிட வேறுபாட்டைச் சமய வாதத்திற்கு ஆயுதமாக்கியதையும் இங்கு மறந்துவிடலாகாது.

மதுரையில்

அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாண மிஷனின் கிளையாகவே தோன்றியது. லெவி ஸ்போல்டிங் 1834 தொடக்கத்தில் மதுரைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். அவ்வாண்டு சூலையில் ஹென்றி ஹொய்சிங்டனும் வில்லியம் டாடும் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர் மூவருடன் வந்து குடியேறினர். பின்னர் ஹொய்சிங்டன் வட்டுக்கோட்டைக்குத் திரும்பிச் செமினறியின் பொறுப்பை ஏற்க, பூவர் மதுரைக்கு வந்தார். சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஹொய்சிங்டன் இவரே.

பூவர் வந்தபோது மதுரை மாற்றத்தின் வாயிலில் நின்றது. கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் காலத்தில் நாயக்கர் காலக் கோட்டை மதிலும் அகழியும் அகற்றப்பட்டு, வெளிவீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உருவாயின. 1835 இல் மெக்காலேயின் குறிப்பை ஏற்றுப் பென்டிங்க் பிரபு ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாக முடிவெடுத்திருந்தார். கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடிவந்தது. தமிழ் மட்டுமன்றித் தெலுங்கும் சௌராட்டிரமும் வீட்டுமொழியாக வழங்கிய நகரில், பல சிறுவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாவதாக அன்றி மூன்றாவது மொழியாகவே வந்து சேர்ந்தது.

மதுரையில் மிஷன் ஆங்கிலப் பள்ளியையும் நடத்தியது. எனினும் பூவரின் உழைப்பில் பெரும்பகுதி தமிழ்ப் பள்ளிகளுக்கே சென்றது. இவர் ஏற்படுத்திய 37 பள்ளிகளுக்குத் தேவையான கிறித்தவ ஆசிரியர்கள் அங்கு இல்லை. எனவே ஏற்கனவே திண்ணைப் பள்ளி நடத்திவந்த இந்து வாத்தியார்களையே மிஷன் அமர்த்திக்கொண்டது. மணலில் அரிச்சுவடி எழுதவும், எண்சுவடியை மனப்பாடம் செய்யவும், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஓதவும் பழக்கியவர்கள் இவர்கள். அச்சிட்ட புத்தகத்தைக் கொண்டு, பொருளுணர்ந்து வாசிக்கக் கற்பிப்பது இவர்களுக்குப் புதிது. நெல்லும் காசும் பெற்றோரிடம் பெற்றுவந்த வாத்தியார், இப்போது மிஷனிடம் சம்பளம் பெறலானார். மேற்பார்வையும் கூடவே வந்தது.

பூவர் குதிரையில் ஊர் ஊராகச் சென்று இப்பள்ளிகளை அடிக்கடி பார்வையிட்டார். வழியில் கூடும் மக்களிடம் குதிரை மேலிருந்தபடியே தமிழில் பேசுவது இவர் வழக்கம். வெயில் மிகுந்த மதுரைச் சமவெளியில் இப்படி அலைவது எளிதன்று. ஓர் ஆசிரியரை நியமித்துவிட்டு விட்டுவிடுவதில் பயனில்லை, அவருடைய வகுப்புக்கே திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும் என்பதை இவருடைய நடைமுறை காட்டுகிறது.

1837 இல் அமெரிக்காவில் ஏற்பட்ட கடும் பொருளாதார நெருக்கடியால் மிஷனுக்கு வரும் பணம் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் பல சிற்றூர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. பாஸ்டனில் வங்கிகள் தள்ளாடியதால் வலிகாமத்துச் சிறுவன் பள்ளியை இழந்தான். வெளிநாட்டுக் கொடையை மட்டுமே நம்பிய கல்வியின் பலவீனம் அப்போதே வெளிப்பட்டது.

மீண்டும் யாழ்ப்பாணம்

1841 இல் பூவர் யாழ்ப்பாணம் திரும்பித் தெல்லிப்பழையில் பணியைத் தொடர்ந்தார். அதே ஆண்டு சனவரியில் உதயதாரகை என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியிருந்தது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினறி மாணவர்களே. 1842 இல் மானிப்பாய் அகராதி வெளியாயிற்று. இருமொழியும் கற்ற ஒரு தலைமுறை உருவாகிவிட்டதற்கு இவை சான்றாகும்.

1840களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்று பல ஊர்களில் மிஷன் பணி குறித்துச் சொற்பொழிவாற்றினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து அவர் தாய்நாட்டைப் பார்த்தது அப்போதுதான். பின்னர் இலங்கைக்குத் திரும்பி மானிப்பாயில் தங்கினார். அங்கு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவம் கற்பித்து வந்தார். கிறீன் முதலில் ஆங்கிலத்திலும், 1860களில் தமிழிலும் கற்பித்தார் என்பது நோக்கத்தக்கது.

மறைவும் செமினறியின் முடிவும்

1855 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியது. பூவர் அந்நோய்க்கு ஆளாகி பிப்ரவரி 3 இல் மானிப்பாயில் காலமானார்.

அவர் மறைந்த அதே ஆண்டில் வட்டுக்கோட்டை செமினறியும் மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பள்ளிகளை ஆராய்ந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் மிஷன் ஊழியத்தை விட்டு உத்தியோகம் தேடிச் செல்கின்றனர், ஊர் மக்களிடமிருந்தும் விலகுகின்றனர் என்பது அக்குழுவின் கருத்து. ஆகவே ஆங்கிலத்தைக் குறைத்துத் தாய்மொழிக் கல்விக்கே முதலிடம் தரவேண்டும் என்று அது வலியுறுத்தியது. தாய்மொழியின் இடம் பற்றிய அக்கருத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பித்த ஒரு நிறுவனத்தை மூடியதால் தமிழுக்கு நன்மை விளைந்ததாகச் சொல்வதற்கில்லை. மூடப்பட்ட சில ஆண்டுகளிலேயே, அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவர்களுள் தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்.

ஊர் மக்களின் முடிவு வேறாக இருந்தது. பழைய மாணவரும் பெற்றோரும் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று தொடர்ந்து முயன்றனர். அதன் பயனாக 1870களின் தொடக்கத்தில் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. மதுரைப் பக்கத்தில், வில்லியம் டிரேசி 1842 இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினறி 1845 இல் பசுமலைக்கு மாறியது. ஜார்ஜ் வாஷ்பர்ன் காலத்தில், 1881 இல், அங்கு கல்லூரி வகுப்புகள் தொடங்கப்பட்டன. அக்கல்லூரி 1904 இல் மதுரை நகருக்கு இடம்பெயர்ந்து, பின்னர் அமெரிக்கன் கல்லூரி எனப் பெயர்பெற்றது.

நினைவுச் சின்னங்கள்

மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் டானியல் பூவர் நினைவு நூலகம் என்று அழைக்கப்படுகிறது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகமும் இவர் பெயரையே தாங்கியுள்ளது.