காட்டில் தந்தி நட்ட கர்னல் ரோண்டன்

ஊரிலிருந்து தந்தி என்றாலே நம்மவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகுரல் கிளம்பிவிடும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஆட்களின் மனத்திலிருந்து அந்தப் பயம் போகவில்லை. அப்படிப்பட்ட தந்திக் கம்பியை அமேசான் காட்டுக்குள் இழுத்துச் சென்றவர் பிரேசில் நாட்டு ராணுவ அதிகாரி காண்டிடோ ரோண்டன்.

1865 மே 5 அன்று மாட்டோ குரோசோ மாகாணத்தில் மிமோசோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். விவரம் தெரியும் முன்பே தாயாரும் போய்ச் சேர்ந்தார். தாய் வழியில் போரோரோ, தெரேனா என்ற பழங்குடிகளின் ரத்தம் அவருக்கு உண்டு. முதலில் பாட்டனாரும் பிறகு இன்னோர் உறவினரும் எடுத்து வளர்த்தார்கள். ரோண்டன் என்பது வளர்த்த அந்த உறவினரின் குடும்பப் பெயர்தான்.

ஏழைப் பையனுக்கு இலவசமாகப் படிப்பும் சோறும் கிடைக்க அன்றைக்கு ஒரே வழி ராணுவம். 1881-ல் சேர்ந்தார். ரியோ டி ஜெனீரோ ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறினார். 1889-ல் பிரேசிலில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தது. மறு வருஷமே சொந்த மாகாணத்துக்குத் தந்தி வேலைக்கு அனுப்பப்பட்டார். பட்டணத்தில் நாற்காலி தேடாமல், வந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

1900 முதல் 1906 வரை பராகுவே, பொலிவியா எல்லைகளை நோக்கிக் கம்பி போடப்பட்டது. சதுப்பு நிலத்தில் நடந்த அந்த வேலைக்குத் தாயின் இனத்தாரான போரோரோ மக்களே துணைக்கு வந்தார்கள். 1907-ல் அதைவிடப் பெரிய வேலை வந்தது. குயபா நகரிலிருந்து வடமேற்கே மதேரா நதி வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தூரத்துக்குக் கம்பி போட வேண்டும். வழி நெடுகிலும் வரைபடத்தில் ஏறாத காடு.

அந்தக் காட்டில் நம்பிக்குவாரா என்ற மக்கள் இருந்தார்கள். ரப்பர் பால் எடுக்க வந்தவர்களின் துப்பாக்கிச் சூட்டை ஏற்கெனவே கண்டவர்கள். உடுப்புப் போட்டு வருகிறவன் எவனானாலும் அவர்களுக்கு எதிரிதான். அதில் தப்பும் இல்லை. 1907-ல் ஜுருவேனா நதிப் பக்கம் ரோண்டன் மீது அம்புகள் பாய்ந்தன. ஓர் அம்பு அவர் உடம்பிலிருந்த தோல் வாரில் தைத்து நின்றது. வார் இல்லாவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். கூட வந்தவர்கள் பழி வாங்கத் துடித்தார்கள். ரோண்டன் தடுத்து, படையைத் திருப்பிக்கொண்டு போனார். நுழைந்தவர்கள் நாம்தான், அவர்கள் தங்கள் வீட்டைக் காக்கிறார்கள் என்பது அவர் வாதம். தன் ஆட்களில் எவர் செத்தாலும் திருப்பிக் கொல்லக் கூடாது என்பது அவர் விதித்த கட்டளை. கோடரி, கத்தி, பாசிமணிகளைப் பாதையில் தொங்கவிட்டுச் சென்றார். சில வருஷங்களில் அதே நம்பிக்குவாராக்கள் அவர் முகாமுக்கு நடந்து வந்தார்கள்.

இதைப் பார்த்துத்தான் 1910-ல் அரசாங்கம் பழங்குடிப் பாதுகாப்பு இலாகாவை ஏற்படுத்தி, முதல் தலைவராக அவரையே உட்கார வைத்தது.

1909-ல் கம்பிக்கு வழி பார்க்கப் போனபோது வடக்கு நோக்கி ஓடும் ஒரு நதியின் தலைப்பைக் கண்டார். எங்கே போய்ச் சேருகிறது என்று யாருக்கும் புரியாததால் சந்தேக நதி என்று பெயர் வைத்தார். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், தேர்தலில் தோற்ற பின் தென் அமெரிக்கா வந்தார். அந்த நதியில் அவருக்கு வழிகாட்டியாகப் போகும் பொறுப்பு ரோண்டனுக்கு வந்தது. 1914 பிப்ரவரி 27 அன்று இருபத்திரண்டு பேர், ஏழு மரத்தோணிகளில் புறப்பட்டார்கள்.

இன்று காசு கட்டி, வழிகாட்டியோடு காட்டு நதியில் சுற்றிப் பழங்குடிக் கிராமங்களைப் பார்த்துவரப் பலர் போகிறார்கள். இந்தப் பயணம் அந்த ரகமல்ல. பாறைகளில் மோதிச் சீறும் நீரோட்டம் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டது. ஒவ்வோர் இடத்திலும் தோணிகளைக் கரையேற்றி, காட்டை வெட்டி, கட்டை உருட்டி இழுக்க வேண்டும். தோணிகள் உடைந்தன. மரத்தைக் குடைந்து புதிதாகச் செய்தார்கள். தோணியோட்டி ஒருவர் வெள்ளத்தில் மூழ்கினார். உணவைத் திருடிய ஒருவன், தன்னைக் கண்டித்த மேஸ்திரியைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடினான். பின்னர் கரையில் நின்று, ஏற்றிக்கொள்ளும்படி கெஞ்சினான். தோணிகள் நிற்கவில்லை. கொலையாளியானாலும் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று ரோண்டன் பிறகு ஆள் அனுப்பித் தேடினார்; கிடைக்கவில்லை.

ரூஸ்வெல்ட் காலில் அடிபட்டுச் சீழ் பிடித்து, மலேரியாவும் சேர்ந்து, தன்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். மகன் கெர்மிட் சம்மதிக்கவில்லை. இந்த நிலையிலும் ரோண்டன் நதியின் வளைவுகளை அளக்காமல் நகர மாட்டேன் என்றார். அமெரிக்கர்களுக்கு எரிச்சல். ரூஸ்வெல்ட் பக்கமே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பசியில் கிடக்கும் கூலிக்கு வரைபடம் எதற்கு?

ஆனால் ஒரு விஷயத்தில் ரோண்டனே சரி. வேட்டைக்குப் போன இடத்தில் அவருடைய நாய் அம்பு பட்டுச் செத்தது. கண்ணுக்கே தெரியாமல் அந்த மக்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று புரிந்தது. ரோண்டன் துப்பாக்கியை நீட்டவில்லை. நாய் செத்த இடத்தில் பரிசுப் பொருள்களை வைத்துவிட்டு வந்தார். நினைத்திருந்தால் எல்லோரையும் தீர்த்திருக்கக் கூடியவர்கள், இவர்களைப் போகவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில், உதவிக்குக் காத்திருந்த முகாமை அடைந்தபோது மூன்று பேர் குறைந்திருந்தார்கள். நதிக்கு ரூஸ்வெல்ட் பெயர் சூட்டப்பட்டது. 1919-ல் ரூஸ்வெல்ட் காலமானார்.

1915-ல் தந்திப் பாதை திறக்கப்பட்டது. அதற்குள் கம்பியில்லாத் தந்தி வந்துவிட்டது! இத்தனை உயிரைக் கொடுத்துப் போட்ட கம்பியில் பேசுவதற்குச் செய்தியே இல்லை. அந்தக் காட்டு ஆபீஸ்களில் உட்கார்ந்திருந்த தந்தி குமாஸ்தாக்களை மேலிடம் ஏறக்குறைய மறந்தேவிட்டது. 1938-ல் அந்த வழியே போன பிரெஞ்சு அறிஞர் லெவி ஸ்ட்ராஸ் அவர்களுடைய பரிதாப வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார்.

கம்பி பயன்படாவிட்டாலும் அதற்காகத் திறந்த வழி மூடவில்லை. அந்த வழியாக வெளியார் வந்தார்கள். அம்மையும் சளிக்காய்ச்சலும் வந்தன. நம்பிக்குவாராக்கள் ஆயிரக்கணக்கிலிருந்து சில நூறு பேராகச் சுருங்கினார்கள். பிற்காலத்தில் ஏறக்குறைய அதே தடத்தில் நெடுஞ்சாலை போடப்பட்டது. 1984-ல் அது தார்ச்சாலையாகி முடிந்ததும் லட்சக்கணக்கில் குடியேறிகள் நிலம் தேடி வந்து காட்டை அழித்தார்கள். ஒருவரையும் சுடாத மனிதர் வெட்டிய பாதை அது.

ரோண்டனுக்குப் பட்டங்கள் குவிந்தன. 1925-ல் ஐன்ஸ்டீன் இவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு தர வேண்டும் என்று எழுதினார், கிடைக்கவில்லை. கொலம்பியாவும் பெருவும் லெட்டிசியா ஊருக்காக மோதிக்கொண்டபோது, 1934 முதல் 1938 வரை அங்கேயே தங்கிச் சமாதான வேலை பார்த்தார். 1955-ல் மார்ஷல் பட்டம். 1956-ல் குவாபோரே பிரதேசத்துக்கு ரோண்டோனியா என்று அவர் பெயர் வைத்தார்கள்; இன்று அது ஒரு மாநிலம். 1958 ஜனவரி 19 அன்று ரியோவில் 92-வது வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் கண் பார்வை இல்லை.

அவர் தொடங்கிய இலாகா லஞ்சத்திலும், பழங்குடிகளுக்கு எதிரான அட்டூழியங்களிலும் மூழ்கி, 1967-ல் விசாரணைக்குப் பின் கலைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.