கணித மேதை இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

சீனிவாச இராமானுஜன் என்றதும் 1729 என்ற எண்ணைச் சொல்லாதார் இலர். வாடகைக் காரின் இலக்கமாய் வந்த அவ்வெண்ணின் கதையை நம் இளைஞர் பலமுறை கேட்டிருப்பர். ஆதலின் நாம் அதனை விடுத்து, அவர் தம் கையாற் கணித்தெடுத்த வேறோர் எண்ணை முன்வைத்து அவர் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். அவ்வெண் 6,746,328,388,800. ஏறக்குறைய ஆறே முக்கால் இலட்சம் கோடி!

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். நாமக்கல் நாமகிரித் தாயார் குலதெய்வம். தமக்குக் கணிதம் அருளியவள் அத்தாயே என்பது அவர் நம்பிக்கை. கல்லூரியிலோ கணிதந் தவிர்ந்த பாடங்களிற் சித்தியெய்தாது உதவிப்பணத்தை இழந்தார். கடதாசி வாங்க வசதியின்றிச் சிலேட்டிலே எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913இல் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரை மறுவருடம் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றது.

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று இது. 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12இற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எல்லா எண்களையுங் காரணித் தொகையில் வெல்லும் எண்களை அவர் தேடினார். அவற்றை முதன்மை எண்களாகப் பிரித்தால், முதன்மை எண் பெரிதாகுந்தோறும் அதன் வலு கூடுவதில்லை என்றும், கடைசி முதன்மை எண்ணின் வலு 4, 36 ஆகிய இரண்டிலன்றி மற்றெல்லாவற்றிலும் ஒன்றே என்றும் நிறுவினார். நாம் முதலிற் சொன்ன பேரெண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் பெருக்குண்டு நிற்கின்றன. வலு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 10,080 எனக் காணலாம். ஐயமுள்ள தம்பிமார் பெருக்கிப் பார்க்கட்டும்.

1915இல் இலண்டன் கணிதக் கழகம் இக்கட்டுரையை வெளியிட்டது. போர்க்காலப் பணமுடையால் ஒரு பகுதி விடுபட்டது. அது பல்லாண்டுகளின் பின்னரே அச்சேறியது. அட்டவணையில் 102 எண்கள். இறுதியானது நம் பேரெண். ஒன்றே ஒன்று மாத்திரம் அவர் கைக்குத் தப்பியது: 293,318,625,600. இதன் காரணிகள் 5,040. விந்தை யாதெனில், அட்டவணையின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இதுவே! கணிப்பொறி இல்லாத நாளில், கையெழுத்தாலே இத்தனை தூரம் சென்றவருக்கு ஓரெண் தப்பியது குறையென நாம் கருதோம்.

பரீட்சையிலே தவறியவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை இவ்வாராய்ச்சிக்காகவே பட்டம் அளித்தது. 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். தம் கையாலே சமைத்த மரக்கறி உணவன்றி வேறு உண்ணாத அவருக்குப் போர்க்காலத்துத் தட்டுப்பாடும் அந்நாட்டுக் குளிரும் ஒவ்வவில்லை. நோயாளியாய் 1919இல் தாயகம் மீண்டார். படுக்கையிற் கிடந்தும் எழுதினார். 1920 ஏப்பிரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதிலே, சென்னையில் உயிர் நீத்தார். அக்கடைசி மாதங்களில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றிற் கிடந்து, 1976இலேதான் வெளிவந்தன.