வாசகரின் வாயிலுக்கு நூலை அனுப்பிய சீ. இரா. அரங்கநாதனார்

உளியோசைக்கும் தையற்பொறியின் ஓசைக்கும் இடையே விழித்தெழும் ஊர் திருமுருகன்பூண்டி. கல்லில் உயிர் வடிக்கும் கைகளும், பனியன் துணியில் பிழைப்பைத் தைக்கும் கைகளும் இங்கு மிகுதி. அக்கைகளில் ஒரு நல்ல நூல் சேர வேண்டுமாயின் அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர், இந்திய நூலக இயலின் தந்தையெனப் போற்றப்பெறும் சீ. இரா. அரங்கநாதனார்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அப்பெருமகனார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நம் கொங்கு மண்ணும் அவரை ஆசிரியராகக் கண்டது என்பது நமக்குப் பெருமை.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். ஆளரவமற்ற அந்நூலகத்தின் தனிமை அவருக்குக் கசந்தது. வகுப்பறைக்கே திரும்பிவிட விழைந்தார். அந்நிலையில் பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே சிறுவரும் மகளிரும் தொழிலாளரும் பொது நூலகங்களைத் தம் வீடுபோற் பயன்படுத்தக் கண்டார். நூல்கள் இருந்தும் படிப்பவர் வாராமைக்குக் காரணம், இருவர்க்கும் இடையே நின்ற சுவரே என்பது அவருக்கு விளங்கிற்று.

1925இல் தாயகம் திரும்பியவர் அச்சுவரைத் தகர்ப்பதையே தம் பணியாகக் கொண்டார். வாசகர் தாமே அலமாரியை அணுகி நூலைத் தெரிவுசெய்ய வழிவகுத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமானார். 1931இல் வெளிவந்த அவர்தம் ஐந்து விதிகள் பற்றிய நூல், பூட்டி வைத்த நூலால் பயனில்லை என்பதையும், எளியவர் எவரும் விலக்கப்படலாகாது என்பதையும் உலகிற்கு உணர்த்தியது.

அதே ஆண்டு மன்னார்குடியில் ஓர் அரிய காட்சி! அவ்வூர்க் கனகசபைப் பிள்ளை அவர்களின் முயற்சியால், நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. நூலகத்தைத் தேடி வர இயலாத உழவரைத் தேடி நூலகமே சென்றது. அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் அரங்கநாதனார்.

ஆயினும் வண்டி ஓடுவதற்கு ஒருவரின் வள்ளன்மை மட்டும் போதாது. சட்டத்தின் துணையும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் வகுத்த நெறியிலமைந்த நூலக மசோதாவை 1933இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் ஜனாப் பஷீர் அகமது சயீது அவர்கள். பின்னாளில் நீதிபதியாக விளங்கி, சென்னையில் மகளிர் கல்லூரி கண்ட கல்வி வள்ளல் அவரே. அம்முயற்சி உடனே கைகூடவில்லை. அரங்கநாதனார் தளரவுமில்லை. 1948இல் திருப்பூர் ஈன்ற செம்மல் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தே சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. சொத்து வரியுடன் நூலக வரியும் பெறப்பட்டு, மாவட்டந்தோறும் நூலகங்கள் எழ வழி பிறந்தது.

தம் வாழ்நாள் சேமிப்பில் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரும் இணைய நூலக இயல் இருக்கை அமையச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியார், 1972 செப்டம்பர் 27இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! பத்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்து பனியன் கம்பெனிக்குச் சென்ற உங்கள் தோழர் பலர். ஷிப்டு முடிந்து அவர்கள் வீடு திரும்பும் வேளையில் நூலகக் கதவு மூடியிருக்கும். அந்தச் சுவரைத் தகர்க்க மாட்டுவண்டியும் வேண்டா. தேநீர்க் கடையோரத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ சிறு அலமாரி, படித்து முடித்த நூல்கள் இருபது, எடுத்தவர் பெயரெழுத ஒரு குறிப்பேடு, பொறுப்பேற்க ஒருவர், இவை போதும். சில நூல்கள் திரும்பி வாராமற் போகலாம். பூட்டிய பெட்டியில் செல்லரித்துப் போவதைவிட அவ்விழப்பு சிறிதே. அப்பொறுப்பேற்கும் ஒருவர் உங்கள் தெருவில் நீங்களாக இருத்தல் வேண்டும்.