மேட்ச் கேட்கப் போன மனுஷன்: புச்சி பாபு

தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு எம்.சி.சி. எங்கே என்று கேட்டுப் பாருங்க. யாராக இருந்தாலும் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பக்கம்தான் கை காட்டுவாங்க. அதே கேள்வியை சேப்பாக்கத்தில் கேட்டால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைக் காட்டுவாங்க. இந்தக் கட்டுரை இரண்டாவது எம்.சி.சி.யைப் பற்றியது. இன்னும் சரியா சொல்லணும்னா, அந்த எம்.சி.சி.யோடு சரிசமமா நின்னு ஒரு மேட்ச் ஆடணும்னு இருபது வருஷம் உழைத்து, கடைசியில் அந்த மேட்சைப் பார்க்காமலேயே இறந்துபோன ஒருத்தரைப் பற்றியது.

அவர் பெயர் புச்சி பாபு. கிரிக்கெட் செய்தி படிக்கிறவங்களுக்கு புச்சி பாபு டிராபி தெரிஞ்சிருக்கும். ரஞ்சி சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி, வெளி மாநில அணிகளை எல்லாம் அழைச்சு தமிழ்நாட்டில் நடக்கிற போட்டி. ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா நம்ம டீம்லயே பாதி பேருக்குத் தெரியாது. நாலு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது.

அவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். நம்ம காலேஜ் டீம் யாரோட ஆடணும் என்பதை நாம முடிவு பண்றதில்லை. ஜோன் பிரிச்சு, டிரா போட்டு, லிஸ்ட் வரும். போய் ஆடுவோம், தோத்தா பஸ் ஏறி வந்துடுவோம். அது தானா வர்ற மேட்ச். ஜோனுக்கு வெளியே ஒரு டீமோட ஆடணும்னா யாராவது போய்க் கேட்கணும், அவங்க சரின்னு சொல்லணும். எந்த கிரவுண்ட், எந்தத் தேதி, யார் செலவுன்னு பேசி முடிக்கணும்.

அமெரிக்காவில் இதை ஒரு பெரிய தொழிலாவே வெச்சிருக்காங்க. அங்கே காலேஜ் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுறது. ஒரு பெரிய டீமுக்கு சீசனில் 12 மேட்ச். எட்டோ ஒன்பதோ அவங்க சேர்ந்திருக்கிற குழுவுக்குள்ளேயே நடக்கும். மீதி மூணு நாலு மேட்சை காலேஜ்களே தேடிப் பிடிச்சு, பல வருஷம் முன்னாடியே ஒப்பந்தம் போட்டுக்கும். சில சமயம் இந்த வருஷம் எங்க ஊர்ல, அடுத்த தடவை உங்க ஊர்லன்னு பேசிக்குவாங்க. சில சமயம் பெரிய காலேஜ், சின்ன காலேஜுக்குப் பணம் கொடுத்து வரவழைக்கும். சுலபமா ஜெயிக்கலாம் என்பதுதான் கணக்கு. 2007 செப்டம்பர் 1-ம் தேதி மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்படித்தான் கீழ் டிவிஷனில் இருந்த அப்பலாச்சியன் ஸ்டேட் டீமுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைச்சது. அப்போ மிச்சிகன் நாட்டிலேயே ஐந்தாம் ரேங்க். ஸ்கோர் 34-32. ஜெயிச்சது அப்பலாச்சியன்!

அதனால்தான் பெரிய டீம்கள் பலமுறை யோசிப்பாங்க. ஜெயிச்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க, தோத்தா மானம் போயிடும். இதை மனசுல வெச்சுக்கிட்டு 1888-க்கு வாங்க.

புச்சி பாபுவின் முழுப் பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. 1868-ல் பிறந்தவர். அவரைத் தத்தெடுத்து வளர்த்த தாத்தா, பாரி கம்பெனியின் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிஞ்சவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் நடுவில் நின்னு வேலையை முடிச்சுக் கொடுக்கிறவர். மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய வீடு, பெரிய தோட்டம், ஊரறிஞ்ச செல்வம். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்க ஆங்கிலேயப் பெண்மணிகள் இருந்தாங்க, அவங்க சேப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போதான் சின்னப் பையன் கிரிக்கெட்டைப் பார்த்தான் என்று சொல்வாங்க.

சேப்பாக்கத்தில் ஆடினவங்க மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்காரங்க. 1846-ல் தொடங்கின கிளப். 1865 வாக்கில் சேப்பாக்கம் மைதானத்துக்கு வந்தாங்க. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் உறுப்பினர் இடம். இந்தியர்கள் அங்கே ஆட வந்தால் பெவிலியனுக்குள் விட மாட்டாங்க, மதியச் சாப்பாடு மரத்தடியில்தான் என்று ஒரு கதை இன்னும் சொல்லப்படுது. இன்னைக்கு டிக்கெட் வாங்கிட்டு நாம விசில் அடிக்கிற அதே சேப்பாக்கம்தான்.

கையில் காசு இருக்கிற இருபது வயசுப் பையன் இதுக்கு என்ன செய்வான்? கோபப்பட்டு ஒதுங்கலாம். இல்லேன்னா நாலு துரைமாரைப் பிடிச்சு, எனக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி போடுங்கன்னு கேட்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இருந்த செல்வாக்குக்கு அது நடந்திருக்கவும் கூடும். புச்சி பாபு வேற வழியில் போனார். 1888-ல் எஸ்பிளனேட் திடலில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். நம்ம தாம்பரத்து எம்.சி.சி.யும் அப்போ எஸ்பிளனேடில்தான் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்தான்.

இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க. அவருக்கு வேண்டியது ஒரு மேட்ச். ஆனா நேரா போய் மேட்ச் கேட்டிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? பரிதாபப்பட்டு கொடுக்கிற ஒரு மேட்ச், திரும்பவும் மரத்தடிச் சாப்பாடு. சமமான மேட்ச் வேணும்னா முதலில் சமமான டீம் வேணும், சொந்தமா ஒரு கிரவுண்ட் வேணும். பேட், பந்து, பேட், கிளவுஸ், உடுப்பு எல்லாம் அப்போ சாதாரண வீட்டுப் பையன் வாங்கக்கூடிய பொருள் இல்லை. அதையெல்லாம் புச்சி பாபு தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார். திறமை இருக்கிற பசங்களைத் தேடிக் கூட்டிட்டு வந்து பயிற்சி கொடுத்தார். அவரைப் பார்த்து நகரத்தில் இந்தியர்களின் வேறு கிளப்களும் வளர்ந்தன.

பம்பாயில் நிலைமை கொஞ்சம் முன்னாடி ஓடிட்டு இருந்தது. பார்சிகள் 1886-லும் 1888-லும் இங்கிலாந்துக்கே போய் ஆடிட்டு வந்துட்டாங்க. 1892-லிருந்து அங்கே பார்சிகளும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்ச் நடந்தது. 1907-ல் இந்து அணியும் சேர்ந்து அது முத்தரப்புப் போட்டி ஆச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க. பம்பாயில் அணிகள் மதத்தை வெச்சுப் பிரிஞ்சது. மெட்ராஸில் புச்சி பாபு ஏற்பாடு செய்தது இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடுவே ஒரு மேட்ச். இந்தியர் பக்கம் எந்தச் சாதி, எந்த மதம்னு தனி டீம் கிடையாது.

கடைசியில் எம்.சி.சி. சம்மதிச்சது. 1908 டிசம்பரில் மேட்ச் என்று முடிவாச்சு. இருபது வருஷ உழைப்பு. அப்போ சேப்பாக்கத்துக்காரங்களுக்கும் மிச்சிகன் கணக்குதான். ஜெயிச்சா புதுசா எதுவும் இல்லை, தோத்தா ஊரே பேசும். அப்படி இருந்தும் அவங்களைச் சரி என்று சொல்ல வெச்சதுதான் புச்சி பாபுவின் வெற்றி.

மேட்சுக்குச் சில நாள் முன்னாடி அவர் இறந்துட்டார். வயசு 40.

மேட்ச் நின்னுபோகலை. பி. சுப்பிரமணியம் கேப்டனாக இருந்து இந்திய அணியை நடத்தினார். பிறகு அந்த மேட்ச் மெட்ராஸின் வழக்கமாவே ஆயிடுச்சு. 1915-16 சீசனிலிருந்து முதல் தர ஆட்டம் என்ற அந்தஸ்து. பொங்கல் வந்தால் சேப்பாக்கத்தில் பிரசிடென்சி மேட்ச் என்று ஊர் எதிர்பார்க்க ஆரம்பிச்சது. சி.கே. நாயுடு மாதிரி ஆட்டக்காரர்கள் அதில் ஆடினாங்க. நாடு விடுதலை அடைஞ்ச பிறகும் 1951-52 சீசன் வரைக்கும் நடந்தது.

அது முடிஞ்ச அடுத்த சீசனிலேயே, 1952-53-ல், மெட்ராஸும் சிலோனும் மோதும் கோபாலன் டிராபி தொடங்கினது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைச்சது 1981-ல். அதுக்கு முன்னாடி பல வருஷம், அவங்க வீரர்களுக்கு முதல் தர கிரிக்கெட் ஆடக் கிடைச்ச சில வாய்ப்புகளில் இது ஒண்ணு. யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் மேட்ச் கேட்டு நின்ன ஊர், இப்போ இன்னொருத்தருக்கு மேட்ச் கொடுக்கிற ஊர்.

புச்சி பாபுவின் பிள்ளைகளும் விளையாட்டை விடலை. அவர் மகன் சி. ராமசாமி 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். பிறகு 1936-ல், 40 வயசில், மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 ரன் எடுத்தார். அப்பா இறந்த வயசில் மகனுக்கு முதல் டெஸ்ட்.

இதெல்லாம் ஏன் இப்போ எழுதறேன்? ஒரு விஷயம் சொல்லியே ஆகணும்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது, பக்கத்தில் இருக்கிற ஒரு பாலிடெக்னிக் பசங்க நம்ம கிரவுண்டுக்கு வந்தாங்க. சனிக்கிழமை ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடலாமா என்று கேட்டாங்க. சீனியர்கள் யாரும் பதில் சொல்லலை. அவங்ககிட்ட சரியான கிட் இல்லை, ரெண்டு பேர் செருப்போட வந்திருந்தாங்க. நானும் என் ஃப்ரெண்ட்ஸும் கொஞ்சம் தள்ளி நின்னு சிரிச்சோம். கிரவுண்ட் ஃப்ரீயா இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம். அந்தச் சனிக்கிழமை கிரவுண்ட் சும்மாதான் கிடந்தது. ஆடி ஜெயிச்சா என்ன பெருமை, தோத்தா எவ்வளவு அசிங்கம் என்பதுதான் உண்மையான காரணம்.

புச்சி பாபு கதையைப் படிக்கும்போது முதலில் என்னை அவர் பக்கம்தான் நிறுத்திப் பார்த்தேன். மரத்தடி வந்தப்போதான் அந்தப் பசங்க ஞாபகம் வந்தாங்க. அந்தக் கதையில் நாங்க பெவிலியன்ல உட்கார்ந்தவங்க.

போன மாசம் அந்த பாலிடெக்னிக்குக்கு நேரிலேயே போய்ட்டு வந்தேன். அன்னைக்கு வந்த பசங்க படிப்பை முடிச்சுப் போயிட்டாங்க. இப்போ இருக்கிற கேப்டனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. தெரியாதவன்கிட்ட மன்னிப்பு கேட்கவும் முடியலை. மேட்ச் மட்டும் கேட்டேன். முதல் மேட்ச் நம்ம கிரவுண்ட்ல, அடுத்தது அவங்க இடத்துல. உடனே சரின்னான். பொங்கல் லீவ் முடிஞ்சு வர்ற முதல் சனிக்கிழமை.

ஜூனியர்ஸ், நான் மே மாசம் கிளம்பிடுவேன். ரெண்டாவது மேட்சை நீங்கதான் அங்கே போய் ஆடணும். செலையூர், மேடவாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரின்னு சுத்திலும் எத்தனை காலேஜ் இருக்கு. பெரிய காலேஜ்கிட்ட கூச்சப்படாம கேளுங்க. சின்ன காலேஜ் கேட்டு வந்தா கிரவுண்ட் இல்லைன்னு பொய் சொல்லாதீங்க. கிட் இல்லாம வந்தா நம்ம கிட்டைக் கொடுங்க.

அப்புறம் மதியச் சாப்பாடு. அன்னைக்கு மெஸ்ல பதினைஞ்சு பேருக்குக் கூடுதலா சொல்லி வெச்சிருக்கேன். வர்றவங்களைத் தனியா உட்கார வைக்காதீங்க. கலந்து உட்காருங்க.