அழாத பிரமநாயகம்: புதுமைப்பித்தன் வாழ்வும் ‘செல்லம்மாள்’ கதையும்

புதுமைப்பித்தன் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவது அங்கதமும் எள்ளலுமே. கடவுளையே சென்னைத் தெருவில் நடத்திக் கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவைத்த எழுத்தாளர் அவர். இந்த எள்ளலின் ஒளியில் அவருடைய மற்றொரு முகம் மங்கிவிடுவதுண்டு. குடும்பம் என்னும் சின்னஞ்சிறு உலகை இமைக்காமல் உற்று நோக்கிய முகம் அது. அம்முகத்தை அறிய அவர் வாழ்வையும் ‘செல்லம்மாள்’ என்னும் சிறுகதையையும் ஒருசேர நோக்குதல் பயன்தரும்.

சொ. விருத்தாசலம் 1906 ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறை அலுவலர், தாயார் பர்வதத்தம்மாள். தந்தையின் பணிமாற்றங்களால் பிள்ளைப் பருவம் ஊர் ஊராகக் கழிந்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாயின் வீட்டில் வளரும் பிள்ளையின் மனத்தை அவர் ஏட்டில் கற்கவில்லை. பின்னாளில் ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவலை எழுதியவர் அவர் என்பதை இங்கு நினைத்தல் தகும்.

தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். தந்தை விரும்பிய அரசுப் பணி வாய்க்கவில்லை; எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1934 முதல் ‘மணிக்கொடி’யில் அவர் கதைகள் வெளிவந்தன. காரைக்குடி ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் பணியாற்றிவிட்டுச் சென்னையில் ‘தினமணி’யில் சேர்ந்து 1943 வரை அங்கிருந்தார். குறைந்த வருவாய், வாடகை வீடு, சொந்த ஊரின் நினைவு ஆகியவையே அவருடைய சென்னை வாழ்வு. மனைவியைப் பிரிந்திருந்த காலங்களில் அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்துள்ளன. ஏளனம் பேசிய அதே கை எத்துணைப் பரிவுடன் எழுதவல்லது என்பதற்கு அவை சான்று.

‘செல்லம்மாள்’ 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. கதைப்பொருள் மிக எளியது. தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிவந்த பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. மனைவி செல்லம்மாள் நெடுநாள் நோயாளி. வாடகை குறைவென்று ஊரின் ஒதுக்குப்புறத்தில் குடியிருக்கிறார்கள். தீபாவளி நெருங்குகிறது. ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவளது ஆசை. அதற்குக் கையில் பணமில்லை. செல்லம்மாள் இறக்கிறாள். இவ்வளவே கதை.

ஆனால் ஆசிரியர் மரணத்தைக் கதையின் முடிவில் வைக்கவில்லை, தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். ஆகவே இனி என்ன நிகழும் என்னும் ஆவல் வாசகருக்கு இல்லை. இந்த இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்னும் கேள்வி மட்டுமே எஞ்சுகிறது. மனைவியின் உடலருகே அமர்ந்திருக்கும் பிரமநாயகம் பிள்ளை கதறவில்லை. பெருந்துயரம் அவரை அலைக்கழிக்கவில்லை. நெடுங்காலம் சுமந்த சுமையை இறக்கிவைத்தவரின் ஆறுதல்கூட அவரிடம் தென்படுகிறது. இவர் கல்நெஞ்சரோ என்று முதல் வாசிப்பில் தோன்றுவது இயல்பே.

அந்த ஐயத்துக்குக் கதை வாதத்தால் விடை சொல்லவில்லை, செயல்களால் சொல்கிறது. வெந்நீர் வைப்பவர் அவர்; கை கால்களைத் தேய்த்துச் சூடேற்றுபவர் அவர்; நாள் முழுதும் கடையில் நின்ற கால்களோடு வீடு திரும்பி இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர். அன்பு என்னும் சொல்லைப் பிள்ளையவர்கள் ஓரிடத்தும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய அன்பு முழுவதும் பணிவிடையாகவே இருக்கிறது. பணிவிடை நின்றுபோகும் கணத்தில் உண்டாகும் ஆறுதலும் அந்த அன்பின் ஒரு பகுதியே. நெடுநாள் நோயாளியைப் பேணியவர் அனைவரும் அறிந்து, எவரும் வெளியே சொல்ல நாணும் உண்மை இது. அவ்வுண்மையைத் தீர்ப்புக் கூறாமல் எழுத்தில் வைத்ததே இக்கதையின் துணிவு.

செல்லம்மாளின் பாத்திரமும் வெறும் இரக்கத்துக்குரியதன்று. கணவர் தனக்குத் தொண்டு செய்வது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழக்கூடாது என்று சொல்லியும் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். அந்த உழைப்பே அவளை வீழ்த்துகிறது. ஆக, இருவரும் ஒருவருக்கொருவர் பாரமாகிவிடக்கூடாது என்று போட்டியிடும் இல்லறம் அது. வறுமை அந்தப் போட்டியை உயிர்ப்பணயமாக்கிவிடுகிறது. தீபாவளிக்கென்று கடையிலிருந்து வந்த புதுப்புடவை பிணத்துக்கு உடுத்தப்படும்போது ஆசிரியர் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்வதில்லை.

பிரமநாயகம் பிள்ளையை ஆசிரியராகவே கருதி இக்கதையைப் படிப்பாருண்டு. வாழ்க்கை வரலாறு அதற்கு இடந்தரவில்லை. கதை வெளிவந்த ஆண்டிலேயே ‘தினமணி’யை விட்டு விலகிய அவர் பின்னர்த் திரைப்படத் துறையை நாடினார். ‘பர்வதகுமாரி’ என்னும் பெயரில் சொந்தப் பட நிறுவனமும் தொடங்கினார். இளமையில் இழந்த தாயின் பெயர் அதில் ஒலிக்கக் காண்கிறோம். அம்முயற்சி கைகூடவில்லை. ‘ராஜமுக்தி’ படப்பணிக்காகப் புனே சென்றபோது காசநோய் முற்றியது. உடல் நலிந்து மனைவியின் ஊராகிய திருவனந்தபுரத்துக்கு வந்து, 1948இல் தம் 42ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். கதையில் நோயாளி மனைவி. வாழ்வில் நோயாளி கணவர். கதையில் தனித்து எஞ்சியவர் பிரமநாயகம் பிள்ளை. வாழ்வில் சிறு பெண்குழந்தையோடு எஞ்சியவர் கமலா. கதை எழுதி ஐந்தாண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது.

எனவே தம் அனுபவத்தைக் கதையாக்கினார் என்பதைவிட, பிறர் துயரத்தின் உள்ளே தாம் சென்று அமர்ந்தார் என்பதே பொருந்தும். அவ்வாறு அமர்ந்தவர் அழவைக்க முயலவில்லை. கமலாவும் கதைகள் எழுதியவர். எஞ்சி நின்றவளின் பக்கமிருந்து ‘செல்லம்மாள்’ கதையை மீண்டும் படிக்கும்போது, பிரமநாயகம் பிள்ளையின் வறண்ட கண்கள் நமக்கு வேறு பொருள் தருகின்றன. இரங்கற்பா எழுத அமரும் நம் வட்டத்துக் கவிஞர்கள் கண்ணீரைச் சொல்லுமுன் அந்த வெந்நீரையும் அந்தப் புடவையையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.